அக்காவின் முதுகு

போன மாதம் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தேன். இரத்தினபுரிப் பக்கம் கஹவத்தையில் பஸ்ஸை விட்டிறங்கி, முச்சக்கரவண்டி பிடித்து, தோட்டத்துச் சந்தியில் இறங்கிக்கொண்டேன். தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு நடந்தே போக வேண்டுமென்று ஆசை. காலில் ஜப்பான் சப்பாத்து, தலையில் ஜப்பான் தொப்பி, முகத்தில் ஜப்பான் பெருமை. இறப்பர் மலையைத் தாண்டி வளைவில் திரும்பும்போது தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் டபுள் கேப் வண்டி எதிரே வந்தது. வந்தது, கடந்தது, போனது. தூசி அடங்கிய பிறகு பார்த்தால் நான் ரோட்டோர வடிகாலில், கானுக்குள் நின்றுகொண்டிருக்கிறேன். தொப்பி என் கக்கத்தில் இருக்கிறது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யார் கழற்றியது இதை? என் கைதான் கழற்றியிருக்க வேண்டும். ஆனால் அது என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போதிருக்கும் துரை சின்ன வயசுக்காரர். கண்ணாடியை இறக்கி எனக்குக் கைகூடக் காட்டிவிட்டுத்தான் போனார். துரை வந்தால் ரோட்டை விட்டிறங்கிக் கானில் நிற்பதும், தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைப்பதும் மலையேறிப்போன வழக்கங்கள் என்று மேடையில் பேசுவதைக் கேட்டு நானே கைதட்டியிருக்கிறேன். வண்டியில் நான் மறந்துவிட்ட பையைக் கொடுக்கப் பின்னாலேயே வந்த முச்சக்கரவண்டிக்காரர், என்னைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்.

“மொகத மல்லி மே? என்னா தம்பி இது? ஜப்பான்ல இருந்து வந்தது கானுக்குள்ள நிக்கவா?”

அப்போது எனக்கு அக்கா ஞாபகம் வந்தது. நல்லவேளை, அவள் இதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்னைத் தொலைத்துக் கட்டியிருப்பாள்.

கூடப்பிறந்த அக்கா இல்லை. எங்கள் லயத்தில் அடுத்த காம்பரா, அதாவது பக்கத்து அறை, அவர்களுடையது. அவளுடைய பெற்றோரை மாமா, அத்தை என்று கூப்பிட்டு வளர்ந்தவன் நான். மாமா இறப்பர் மலையில் பால் வெட்டினார். அத்தை தேயிலை மலையில் கொழுந்தெடுத்தார். இரண்டு பேரும் குட்டையானவர்கள். இவள் மட்டும் நெடுநெடுவென்று வளர்ந்து, வளர்ந்த உயரத்தில் ஒரு அங்குலத்தைக்கூட யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் நடந்தாள். தோட்டத்தில் அவளுக்குப் ‘பாக்குமரம்’ என்று பட்டப்பெயர். வைத்தவர்கள் கேலிக்குத்தான் வைத்தார்கள். அவளோ, “பாக்குமரத்துக்கு என்னா கொற? காத்து அடிச்சா ஆடும், குனியாது” என்று அதையே தனக்கு ஒரு பட்டமாக எடுத்துக்கொண்டாள்.

அவள் குனிய மாட்டாள். சும்மா சொல்கிற பேச்சில்லை, உண்மையாகவே குனிய மாட்டாள். எழுதுகிற பேனை கீழே விழுந்தால் முதுகை நேராக வைத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்துதான் எடுப்பாள். அவள் கூட்டுகிற விளக்குமாற்றுக்கு மட்டும் நீளமான கம்பு செருகியிருக்கும். மாரியம்மன் கோயிலில் விபூதி கொடுக்கும்போது எல்லோரும் தலையைக் கொடுப்பார்கள், இவள் நாடியைத் தூக்கிக்கொண்டு நிற்பாள். எங்கள் பூசாரி நல்ல குள்ளம். எக்கி எக்கிப் பூசுவார்.

“அம்மனுக்காவது தலயக் குனி தாயி.”

“அம்மன் என் மூஞ்சியப் பாக்கட்டும் சாமி. உச்சிமண்டயப் பாத்து என்னா செய்யப்போவுது?”

பூசாரிக்கு மூச்சே நின்றுவிட்டது. பக்கத்தில் நின்ற எனக்கும்தான். அம்மன் ஒன்றும் செய்யவில்லை. அடுத்த வருஷம் அக்கா பரீட்சையில் பாஸாகிப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள்.

ஏன் இப்படி என்று தோட்டத்தில் எல்லோரும் கேட்பார்கள். எனக்குக் காரணம் தெரியும். அன்று நான் அங்கே இருந்தேன்.

அவள் அப்போது சின்னவள், நான் அவளைவிடச் சின்னவன். பள்ளிக்கூடத்துக்கு போட்டோ எடுக்க வேண்டுமென்று மாமா எங்கள் இரண்டு பேரையும் டவுனுக்குக் கூட்டிப்போயிருந்தார். வேலை நாள், யாரிடமும் கேட்காமல் போய்விட்டார். திரும்பி வரும் வழியில் அப்போதிருந்த துரையின் ஜீப் வந்தது. மாமா கானுக்குள் இறங்கினார், நானும் இறங்கினேன். மாமா தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்தார். அக்கா மட்டும் ரோட்டோரத்திலேயே நின்றாள். புதுச் சட்டை, கான் முழுக்கச் சேறு, அதுதான் விஷயம். வேறு ஒரு வீறாப்பும் இல்லை.

ஜீப் நின்றது. துரை கையை வெளியே நீட்டி, ஆட்காட்டி விரலால் தரையைக் காட்டினார். இங்கே வா என்று அர்த்தம். மாமா ஓடினார்.

“யார் கேட்டு போனது?” என்றார் துரை, அவருக்குத் தெரிந்த தமிழில். விரல் இன்னும் தரையைக் காட்டியபடி இருந்தது.

துரையின் பார்வை நிமிர்ந்து நின்ற பிள்ளைமேல் போனது. மாமா சட்டென்று ஒரு எட்டு பின்னால் வந்து, அவள் பிடரியில் கையை வைத்து அமுக்கினார். அவள் எதிர்த்தாள். அவர் இன்னும் அமுக்கினார். முகம் முழங்காலைத் தொடுகிற அளவுக்கு அமுக்கினார்.

“அறியாப்புள்ள தொர. மன்னிச்சிக்கிடுங்க.”

துரை அதைப் பார்க்கவே இல்லை. அவர் அதற்குள் மலைப்பக்கம் திரும்பி டிரைவரிடம் ஏதோ பேசத் தொடங்கிவிட்டார். ஜீப் போய்விட்டது. ஜீப் போன பிறகும் மாமாவின் கை அந்தக் கழுத்தில்தான் இருந்தது. அதை எடுக்க வேண்டும் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. எனக்கு ஜீப்பைவிட அந்தக் கைதான் பயமாக இருந்தது.

அப்பனும் மகளும் அதைப் பற்றிப் பிறகு ஒருநாளும் பேசியதில்லை. சோறு போட்டார், பீஸ் கட்டினார், மழையில் குடை பிடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனார். அவளும் அப்பா அப்பா என்றுதான் இருந்தாள். ஆனால் வருஷங்கள் கழித்து ஜப்பானில் ஒரு நாள், தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு சம்பந்தமும் இல்லாமல் பிடரியைத் தடவிக்கொண்டு சொன்னாள்.

“அந்தக் கை இன்னும் இங்க இருக்குடா.”

இப்படிப்பட்டவள் ஆங்கிலம் கற்றுக்கொடுக்கப் போன ஊரைப் பாருங்கள். உலகத்தில் எத்தனையோ நாடு இருக்க, எடுத்ததற்கெல்லாம் குனிகிற நாட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். ஜப்பானில் ஷிசுவோக்கா பக்கம் ஒரு சின்ன டவுன். பாண் சுடும் பேக்கரி ஒன்றுக்கு மேல்மாடியில் சிறு பிள்ளைகளுக்கான ஆங்கிலப் பள்ளி. சில வருஷம் கழித்து, அவள் சொல்லித்தான், அதே டவுனில் முதியோர் இல்லமொன்றுக்கு நான் வேலைக்குப் போனேன்.

அங்கே காலையில் குனிந்தால் மாலையில்தான் நிமிர முடியும். கடைக்காரர் குனிவார், பஸ் டிரைவர் குனிவார், லிப்ட் கதவு மூடுகிற வரைக்கும் குனிந்தே நிற்பார்கள். நான் ஒரே மாதத்தில் பழகிவிட்டேன். அக்கா மட்டும் தலையை ஒரு அரை அங்குலம் அசைப்பாள், அவ்வளவுதான். பள்ளி முதல்வர் வயதானவர், நல்ல மனிதர். வெளிநாட்டுக்காரி என்று விட்டுவிட்டார். பிள்ளைகளுக்கு அவள்மேல் உயிர். ‘கிரேன் டீச்சர்’ என்று அவர்களும் ஒரு பட்டம் வைத்திருந்தார்கள்.

ஒருமுறை நான் இல்லத்து மேற்பார்வையாளரோடு டெலிபோனில் பேசிக்கொண்டே குனிந்துவிட்டேன். அக்கா பார்த்துவிட்டாள்.

“டெலிபோன்ல யாருக்குடா குனியிற?”

“பழகிருச்சு அக்கா.”

“அதுதான்டா எனக்குப் பயம். குனியிறது பழகிரும்.”

அப்புறம்தான் மாமாவும் அத்தையும் வந்தார்கள். ஒரு மாதம் கூட வைத்திருக்க வேண்டுமென்று அக்கா ஆசைப்பட்டு விசா எடுத்துக் கூப்பிட்டாள். நானும் அவளும் விமான நிலையத்துக்குப் போனோம். வசந்த காலம், இரத்தினபுரி வெயிலில் வெந்தவருக்கு அது மார்கழிக் குளிர். அக்கா வாங்கிவைத்திருந்த கம்பளித் தொப்பியை மாமா காதுவரை இழுத்துப் போட்டார், பிறகு கழற்றவே இல்லை. ரயிலில் உட்கார்ந்ததும் அக்கா முதல் பாடத்தை ஆரம்பித்தாள்.

“அப்பா, இங்க எல்லாரும் குனிவாங்க. நீங்க குனியக் கூடாது. வெளங்குதா?”

“சரி பாப்பா.”

ஸ்டேஷனில் டிக்கட் வாசலில் நின்ற ஆள் குனிந்தார். மாமா உடனே பதிலுக்குக் குனிந்தார், கை வேறு தொப்பிக்குப் போய்விட்டது.

“அப்பா!”

“கழுத்து தானாப் போவுது பாப்பா. நான் என்னா செய்ய?”

மாமாவுக்கு உண்மையான அதிர்ச்சி மறுநாள். ஓரிடத்தில் ரோட்டு வேலை நடந்தது. தலைக்கவசம் போட்ட காவல்காரர் எங்களைச் சுற்றிப் போகச் சொல்லிக் கை காட்டிவிட்டு, இடுப்புவரை குனிந்தார். மாமா பதறிப்போய்ப் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

“பின்னாடி தொர வாராரா?”

“யாரும் வரல மாமா. ஒங்களுக்குத்தான்.”

“எனக்கா? எதுக்கு?”

“நீங்க சுத்திப் போக வேண்டியிருக்கில்ல. அதுக்கு மன்னிப்புக் கேக்குறாரு.”

மாமா ரோட்டிலேயே நின்றுவிட்டார். அந்தக் காவல்காரரை மேலும் கீழும் பார்த்தார். சப்பாத்து, கையுறை, சீருடை, எல்லாவற்றையும் பார்த்தார். “அவரா? எங்கிட்டயா?” என்று வழியெல்லாம் கேட்டார். சாப்பிடும்போதும் கேட்டார். அத்தைக்கு எரிச்சல் வந்து, “ஆமா, ஒங்ககிட்டத்தான். இப்ப சோத்த தின்னுங்க” என்றார்.

அத்தைக்கு வேறொரு அதிர்ச்சி காத்திருந்தது. அக்கா லீவு போட்டு எங்களைத் தேயிலை மலைக்குக் கூட்டிப்போனாள். அந்தப் பக்கமெல்லாம் தேயிலைதான். பச்சைப் பாயைச் சுருட்டி வரிசை வரிசையாக வைத்ததுபோல் இருந்தது. ஒரு கிழவரும் கிழவியும் ஆளுக்கொரு பக்கமாக ஒரு மெசினைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். கொழுந்து தானாகப் பைக்குள் விழுந்தது.

“கையால கிள்ளலயா?” அத்தை தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். பிறகு கேட்டார், “இவங்க யாரு தோட்டத்துல வேல செய்றாங்க?”

“இது அவங்க தோட்டம்தான்மா.”

“கொழுந்து எடுக்கிறவங்களோடதா?”

“ஆமா. அதோ, அதுதான் வீடு.”

அத்தை அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தோம், குடிக்கவில்லை. வாழ்நாள் முழுக்கக் கொழுந்தெடுத்த மனுஷி, கொழுந்தெடுக்கிறவருக்கே மலை சொந்தமாக இருக்கலாம் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தார்.

அந்த வாரம்தான் அக்காவின் பள்ளியில் ஒரு பிள்ளைக்குப் பல் உடைந்தது.

வகுப்பில் நாற்காலி பிடிக்கிற விளையாட்டு. அக்கா ஆங்கிலத்தில் நிறம் சொல்வாள், பிள்ளைகள் அந்த நிற நாற்காலிக்கு ஓட வேண்டும். ஒரு சிறுமி தடுக்கி விழுந்து, நாற்காலி விளிம்பில் முகம் மோதி, புதிதாய் முளைத்த முன்பல் பாதி உடைந்துவிட்டது. அக்காதான் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள். அன்று மாலையே முதல்வரும் அவளும் சிறுமியின் வீட்டுக்குப் போனார்கள். முதல்வர் வாசலில் இடுப்பு மடியக் குனிந்தார். அக்கா நேராக நின்று, “வருந்துகிறேன்” என்று வாயால் சொன்னாள். கண்ணில் தண்ணீர் இருந்ததாம். முதுகு மட்டும் வளையவில்லை.

பிள்ளையின் தகப்பனுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. பல்லைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகள் விழத்தான் விழும். ஆனால் அந்த ஆசிரியை எங்கள் வாசலில் கம்பம் மாதிரி நின்றாள், அவளிடம் இனிப் பிள்ளையை அனுப்ப மாட்டோம் என்று சொல்லிவிட்டார். மற்றப் பெற்றோருக்கும் சேதி போனது. முதல்வர் அக்காவைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். இன்னொரு தடவை போய் ஒரே ஒரு முறை குனிந்துவிட்டு வாருங்கள், இல்லையென்றால் அடுத்த மாதம் முடிகிற உங்கள் ஒப்பந்தத்தைப் பற்றி நான் எதுவும் செய்ய முடியாது. ஒப்பந்தம் போனால் விசா போகும். விசா போனால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

“நீ போய்ட்டு வாயேன் அக்கா. ஒரு செக்கன் வேல” என்றேன்.

“தப்பு நடந்துச்சு, மன்னிப்புக் கேட்டேன். இன்னும் நூறு தடவ வாயால கேக்குறேன். குனிய மாட்டேன். வேல போனாப் போவட்டும்.”

சமையலறையில் மாமா நின்றிருந்தார். எல்லாம் கேட்டுவிட்டிருந்தார்.

மறுநாள் அக்கா வகுப்புக்குப் போனதும் மாமா என் முன்னால் வந்து நின்றார். கம்பளித் தொப்பி, மேல்சட்டை, எல்லாம் போட்டுத் தயாராக இருந்தார்.

“அந்தப் புள்ள வீடு ஒனக்குத் தெரியுமாடா?”

“தெரியும் மாமா. ஆனா அக்கா...”

“புள்ளைக்குப் பல்லு போயிருச்சு. நாங்க இங்க தின்னுக்கிட்டு ஒக்காந்திருக்கோம். நல்லா இல்லடா. வா.”

போனோம். கதவைத் திறந்தது சிறுமியின் பாட்டி. மாமா தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தார். எங்கள் தோட்டத்து ஆபீஸ் வாசலில் நிற்பதுபோல் வளைந்து நின்றார். “நான் டீச்சரோட அப்பா. புள்ளைக்கு அடிபட்டுருச்சு. மன்னிச்சிக்கிடுங்கன்னு சொல்லுடா” என்றார். சொன்னேன்.

அந்த அம்மாள் இவரைவிட ஆழமாகக் குனிந்தார். மாமா திடுக்கிட்டு இன்னும் குனிந்தார். பாட்டி அதற்கும் கீழே குனிந்தார். உள்ளேயிருந்து தகப்பன் வந்தார். கடல் தாண்டி வந்த ஒரு பெரியவர் தன் வாசலில் வளைந்து நிற்பதைப் பார்த்ததும் அப்படியே முழங்கால் போட்டு, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, நெற்றி நிலத்தில் படக் குனிந்துவிட்டார்.

“டேய், டேய், அவர எந்திரிக்கச் சொல்லுடா!” மாமா அலறினார். “எங்காலுல போயி... ஐயோ, எந்திரிக்கச் சொல்லுடா!”

எனக்கு எதை மொழிபெயர்ப்பதென்றே தெரியவில்லை. கடைசியில் எல்லோரும் எழுந்தார்கள். சிறுமி வந்து உடைந்த பல்லைப் பெருமையாகக் காட்டினாள். பாட்டி ஒரு பை நிறைய ஆரஞ்சுத் தோடம்பழம் கொடுத்தார்.

திரும்பி வரும்போது மாமா நடக்கவில்லை, குதித்தார். பேச நினைத்து வாயைத் திறப்பார், சிரிப்பார், தலையை ஆட்டுவார். “வீட்டுக்குப் போய் பாப்பாகிட்டச் சொல்றேன்” என்றார்.

வீட்டில் அக்கா எங்களுக்கு முன்னால் வந்திருந்தாள். முதல்வர் அவளுக்கு டெலிபோன் எடுத்திருக்கிறார். உங்கள் அப்பா வந்து மன்னிப்புக் கேட்டாராம், எவ்வளவு பண்பான மனிதர், விஷயம் முடிந்தது, நீங்கள் இனிப் போகத் தேவையில்லை, ஒப்பந்தமும் பிரச்சினை இல்லை. அவர் மகிழ்ச்சியாகச் சொன்னது ஒவ்வொன்றும் இவளுக்குச் சூடு போட்டிருக்கிறது. அத்தை மூலையில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

மாமா ஒன்றையும் கவனிக்கவில்லை. பழப்பையை நீட்டிக்கொண்டே, “பாப்பா, அங்க என்னா நடந்துச்சின்னா...” என்று ஆரம்பித்தார்.

“யாரக் கேட்டுப் போனீங்க?”

அக்கா கத்தினாள். அப்படி அவள் கத்தி நான் கேட்டதில்லை. கை நீண்டிருந்தது. ஆட்காட்டி விரல் தரையைக் காட்டிக்கொண்டிருந்தது.

மாமாவின் சிரிப்பு நின்றது. பை கீழே விழுந்து பழங்கள் உருண்டன. அவர் கை மேலே போனது. தொப்பியைக் கழற்றியது. கக்கத்தில் வைத்தது. முதுகு வளைந்தது. சொந்த மகளுக்கு முன்னால், அவள் விரல் காட்டிய இடத்தில், மாமா தலையைத் தொங்கவிட்டு நின்றார்.

கடவுளே, இதை நான் பார்த்திருக்கக் கூடாது. அத்தை, “ஏங்க...” என்றார். அக்கா தன் விரலைப் பார்த்தாள். யாரோ வெட்டி அவள் கையில் ஒட்டவைத்த விரலைப்போல் அதைப் பார்த்தாள். முகத்தில் இரத்தமே இல்லை. மெல்ல மெல்லக் கையை இறக்கினாள்.

“அப்பா” என்றாள்.

அவர் நிமிரவில்லை.

“அப்பா, நான்தான். என்னயப் பாருங்க.”

அவர் பார்க்கவில்லை. அவருக்கு அது கேட்டதா என்றே தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அவள்தான் குனிய வேண்டியிருந்தது.

அக்கா குனிந்தாள். குந்தி உட்காரவில்லை, நின்ற நிலையிலேயே குனிந்தாள். அந்த நீண்ட முதுகு மடிவதை நான் முதன்முதலாகப் பார்த்தேன். அவள் முகம் அவருடைய முகத்துக்கும் கீழே போனது. கக்கத்திலிருந்த தொப்பியை உருவி எடுத்து, இரண்டு கையாலும் அவர் தலையில் போட்டு, காது மறைய இழுத்துவிட்டாள். அப்படியே கீழேயிருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணீர் நேரே தரையில் விழுந்தது.

அப்போதுதான் மாமா தாம் சொல்ல வந்ததைச் சொன்னார். குரல் குசுகுசுவென்று வந்தது.

“அவங்களும் குனிஞ்சாங்க பாப்பா. நான் குனியக் குனிய அவங்களும் குனிஞ்சாங்க. நம்ம தொர ஒருநாளும் குனிஞ்சதில்லயே. அதச் சொல்லத்தான் ஓடியாந்தேன்.”

மறுநாள் எனக்குக் காலை வேலை. நான் போன பிறகு அக்கா, மாமா, அத்தை மூன்று பேரும் அந்தச் சிறுமியின் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். போகத் தேவையில்லை என்று முதல்வர் சொல்லியும், அவளாகவே கிளம்பியிருக்கிறாள். நான் மாலையில் வந்தபோது அத்தை சமையலறையில் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். அக்கா பிள்ளைக்கு முன்னால் குனிந்ததும், பிள்ளை பதிலுக்கு முழங்கால் போட்டு அவசரமாய்க் குனிந்து தலையைத் தரையில் முட்டிக்கொண்டதாம், எல்லோரும் சிரித்துவிட்டார்களாம். சொல்லிவிட்டு அத்தையும் சிரித்தார். பிறகு கையிலிருந்த சுளையை வைத்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அப்பனும் மகளும் ஒண்ணாத்தான்டா குனிஞ்சாங்க. நான் பின்னாடி நின்னு பாத்துக்கிட்டேதான் இருந்தேன். அவ கழுத்துல யாரும் கை வைக்கல.”